கம்பத்தில் பச்சைத் துணி

கம்பளிக் காலுறையை எல்லாரும் இரண்டு ஜோடிதான் எடுத்து வைக்கிறார்கள். மூன்று வைக்க வேண்டும். ஒன்று காலில், ஒன்று பையில், மூன்றாவது சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி உலர்ந்துகொண்டிருக்க வேண்டும். நேற்று உங்கள் போலீஸ் ஆட்கள் என் சாமான் அறையைப் படம் எடுத்தபோது, ஒருவர் காலுறைகளைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஈரக் காலோடு பனியில் நடந்து பார்க்காதவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

மஞ்சள் தாளும் பேனாவும் கொடுத்து, "உங்க வார்த்தையிலயே எழுதுங்க மிஸ்டர் பர்டிக், அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நன்றி. எழுதுவது எனக்குப் பழக்கம்தான்; இருபத்திரண்டு வருடமாகக் குறிப்பேடு வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டது என் மனைவி நோரீனைப் பற்றி. ஆனால் சாமான்களில் தொடங்காமல் நோரீனிடம் வந்துசேர எனக்கு வழி தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரழிவு ஏதாவது வந்தால் எடுத்துக்கொண்டு கிளம்ப எங்கள் வீட்டில் மூன்று செட் உண்டு. எனக்கொன்று, நோரீனுக்கொன்று, மகள் கேசிக்கொன்று. ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னும் தகடு செருகிய மார்புக் கவசம், இடுப்பு வார், வாரின் இடப்பக்கம் ரத்தத்தை நிறுத்தும் பட்டை, முதுகுப்பையில் மூன்று நாள் சாப்பாடு, தண்ணீர் வடிகட்டி, தலைவிளக்கு. பேட்டரியை விளக்குக்குள் போட்டு வைக்கக் கூடாது, கசிந்து நாசமாக்கிவிடும். தனியாக ஒட்டி வைக்க வேண்டும். இதையெல்லாம் கறுப்பு நிறத்தில் வாங்கிச் சுவரில் மாட்டி, வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்கிற ஆட்கள் வடக்கு ஐடஹோவில் மலிந்து கிடக்கிறார்கள். நான் அந்த ரகமில்லை. என் சாமான்கள் மண் நிறம். மூடி இறுகிய பெட்டிகளில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு, நிலவறையில் இருந்தன.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நீலத் தார்ப்பாயை விரித்து எல்லாவற்றையும் வெளியே எடுப்பேன். தேதி பார்த்து, எடை போட்டு, திரும்ப அடுக்குவேன். நோரீனின் பையை இருபத்துநாலு பவுண்டுக்கு மேல் போக விடமாட்டேன், அவளுக்கு இடுப்பு வலி உண்டு. கேசி வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஆனாலும் அவள் செட்டில் எதுவும் காலாவதியாக நான் விட்டதில்லை. அக்கறை இல்லாதவன் இதைச் செய்வானா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

டாமரேக் ஓடைக்கு மேலே நாங்கள் நாலு குடும்பம். மலைப்பாதை எங்கள் சொந்தம். அரசாங்கத்தின் பனியள்ளும் வண்டி அதில் ஏறாது. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பாதை அடைபட்டால் ஒவ்வொரு வீட்டாரும் கேட் கம்பத்தில் ஒரு துணி கட்ட வேண்டும். பச்சை கட்டினால், நலமாக இருக்கிறோம், உன் வேலையைப் பார் என்று பொருள். சிவப்பு கட்டினால் போட்டது போட்டபடி ஓடி வர வேண்டும். பச்சை கட்டிய வீட்டுக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தால், அந்த வீட்டுக்காரன் சேர்த்து வைத்ததை நம்பவில்லை என்றாகிவிடும். எங்களுக்குள் அது பெரிய அவமானம். இந்த ஏற்பாட்டை முதலில் சொன்னவர் எங்களுக்குக் கீழே அரை மைலில் இருக்கும் வெண்டல் ஸ்ட்ரௌட். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. நாங்கள் பேசி வைத்தபடிதான் நடந்துகொண்டார்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மான்கறி ஸ்ட்யூ. கேசிக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் குழந்தை பிறந்திருந்தது. சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு கேசி இருக்கும் ஸ்போகேனுக்குப் போவதாக நோரீன் சொன்னாள்.

"எத்தன நாள் ஒத்தாச பண்ணப் போற?" என்று கேட்டேன்.

"திரும்பி வரல, லீலண்ட்."

நான் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏதாவது சொல்லேன்."

"மலையிறங்கறப்ப வழுக்கும். டயருக்குச் சங்கிலி போட்டுக்கோ."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு கண் கலங்கியது. "ஏதோ ஒரு நாள் வரப்போகுது வரப்போகுதுன்னு இருபத்திரண்டு வருஷம் என்ன ஒக்கார வெச்சுட்ட. கேசி நாடகத்துல நடிச்சப்ப நீ வரல, தார்ப்பாய விரிச்சுக்கிட்டிருந்த. எங்கம்மா அடக்கத்துல பாதியில கெளம்பிட்ட, புயல் வருதுன்னு. வந்துச்சா? அந்தப் பெட்டிங்க ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நமக்கு ஒதவியிருந்தா, நான் வாயே தொறந்திருக்க மாட்டேன்."

அவள் படுக்கப் போன பிறகு அதைக் குறிப்பேட்டில் எழுதினேன். ஒரே ஒரு தடவை. நீங்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அறுபத்தொரு வயதில் அந்த வீட்டில் மூன்று செட்டோடு தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். ஆனால் அவள் கேட்டது நியாயமான நிபந்தனையாகத்தான் எனக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது பெரிய ஃபிர் மரம் கேட்டுக்குக் கீழே பாதையின் குறுக்கே கிடந்தது. இரவெல்லாம் நல்ல காற்று. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஓடை, ஆகவே கார் போக வழியில்லை. விழும்போது டெலிபோன் கம்பியையும் அது இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. எங்கள் பள்ளத்தில் கைபேசிக்கு எப்போதும் சிக்னல் கிடையாது.

நோரீன் ஜன்னலில் நின்று பார்த்தாள். "வந்துருச்சா ஒன் நாளு?" என்றாள். "போ, போயி ஒன் கவசத்த மாட்டிக்கிட்டு வா. ஃபோட்டோ எடுத்துக் கேசிக்குக் காட்டறேன்."

"கிண்டல் பண்ணு, பண்ணு."

"நாளைக்குள்ள அறுத்துருவ இல்ல?"

"காத்து நிக்கட்டும்."

அன்று பகல் நன்றாகத்தான் போனது. காற்றில் கரண்டும் போயிருந்தது; தலைவிளக்கு வெளிச்சத்தில் சீட்டாடினோம். அவள் இரண்டு ஆட்டம் ஜெயித்தாள், ஒன்றில் ஏமாற்றினாள். பெட்டியிலிருந்த உலர்ந்த சூப்பைக் கரைத்துக் கொடுத்தேன். சாயங்காலம் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள். சூப்பைக் குறை சொன்னாள்.

சனிக்கிழமை காலையில் வலி வலப்பக்கம் இறங்கியிருந்தது. வாந்தியும் காய்ச்சலும் இருந்தன. அந்த இடத்தில் விரலை அழுத்தி எடுத்தபோது கத்தினாள். என்னிடம் இருக்கும் மருத்துவப் புத்தகம் கனமானது, படங்களோடு கூடியது. பத்து நிமிடத்தில் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப் போவதில்லை. குடல்வால் வீங்கியிருக்கிறது என்று தெரிந்தது. அறுவை மருத்துவர் கிடைக்காத இடத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்க்கலாம் என்று அதில் போட்டிருந்தது. கிடைக்காத இடத்தில் என்ற வார்த்தைகளின் கீழே எப்போதோ நானே கோடு போட்டிருந்தேன்.

எங்கள் ஆட்கள் எல்லோரும் மீன் தொட்டியில் போட விற்கிற ஆன்டிபயாடிக் மாத்திரைகளைத்தான் சேர்த்து வைப்போம். கடையில் டாக்டர் சீட்டு கேட்கமாட்டார்கள். நோரீன் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல மீன் படம் போட்டிருக்கு, லீலண்ட்."

"உள்ள இருக்கறது அதே மருந்துதான்."

"செதில் மொளச்சு நான் ஓடையில நீந்திப் போயிட்டா, கேசிகிட்ட நீதான் சொல்லணும்." சொல்லிவிட்டு விழுங்கினாள்.

மதியம் வெண்டல் பனிவண்டியில் வந்தார். மரத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார். நான் இறங்கிப் போனேன். கம்பத்தில் வெள்ளிக்கிழமை காலையே பச்சைத் துணி கட்டியிருந்தேன்.

"என்னப்பா, இருபது வருஷமா காத்துக்கிட்டிருந்த, மரம் ஒன் பேச்சக் கேட்டு விழுந்துருச்சா?" என்றார்.

"கேட்டுருச்சு போல."

"வண்டியில ரம்பம் இருக்கு. ரெண்டு பேரும் சேந்தா ஒரு மணி நேர வேல. கேசி எனக்கு ரெண்டு தடவ ஃபோன் பண்ணிட்டா, அம்மா ஏன் கெளம்பலன்னு."

"வேண்டாம். அடிமரம் முறுக்கிக்கிட்டு நிக்குது, வெட்டினா எகிறும். நானே பாத்துப் பண்ணிக்கறேன்."

"நோரீன் எப்படி இருக்கு?"

வீட்டின் புகைபோக்கி அங்கிருந்தே தெரிந்தது. அவருடைய வண்டிக்குப் பின்னால் ஆள் படுக்கிற நீளத்தில் சறுக்குப்பலகை மாட்டியிருந்தது. அதில் ஏற்றினால் இருபது நிமிடத்தில் நெடுஞ்சாலை, அதிலிருந்து அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி.

"நல்லாத்தான் இருக்கா. சீட்டாட்டத்துல என்ன ஏமாத்திக்கிட்டிருக்கா" என்றேன்.

"அது எப்பவும் பண்றதுதானே" என்று சிரித்துவிட்டு, கம்பத்தை ஒருதரம் பார்த்துவிட்டு அவர் திரும்பிப் போனார்.

இந்த இடத்தில் உங்கள் ஆள் என்னிடம் காட்டிய படத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அடிக்கட்டையில், மரத்தை வேண்டிய பக்கம் சாய்க்கிற ஆப்பு வெட்டு இருக்கிறது, காற்றில் விழுந்த மரத்துக்கு அப்படி இருக்காது என்றார். சரிதான். வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு நான்தான் மோட்டார் ரம்பத்தால் வெட்டினேன். நோரீன் என் குறட்டைக்குப் பயந்து காதில் பஞ்சு வைத்துத்தான் தூங்குவாள், காற்றும் பலமாக இருந்தது. டெலிபோன் கம்பி போகும் பக்கமாகப் பார்த்து ஆப்பை வெட்டினேன். மூன்று நாள், அவ்வளவுதான் என் கணக்கு. மூன்று நாள் அடைந்து கிடந்தால் விளக்கு, சூப், வடிகட்டி, கணப்பு எல்லாம் என்ன செய்யும் என்று அவள் கண்ணாலேயே பார்ப்பாள் என்று நினைத்தேன். அவளுக்கு நோய் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நோயை நான் உண்டாக்கவில்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அண்டை வீட்டாரோடு பேசுகிற கைரேடியோவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிலவறையில் இரண்டு இருந்தன, இரண்டுமே வேலை செய்தன. பனியில் ஆன்டெனா முறிந்துவிட்டது என்று நோரீனிடம் சொல்லியிருந்தேன்.

ஞாயிறு மதியம் வலி சட்டென்று நின்றது. அவள் எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகத்துக்கு நிறம் திரும்பியது. கோழி சூப் கேட்டாள், அரைக் கோப்பை குடித்தாள். நான் முடியைச் சீவிவிட்டேன். கல்யாணமான புதிதில் செய்தது, அதற்குப் பிறகு செய்ததில்லை.

"சரி, ஒத்துக்கறேன்" என்றாள். "ஒன் பெட்டிங்க பிரயோஜனப்பட்டுருச்சு. அந்த மீனுக்கும் தேங்க்ஸ் சொல்லிரு."

நான் நிலவறைக்குப் போய்ப் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. நேற்று உங்கள் டாக்டர், வலி நின்றது குணமானதால் அல்ல, உள்ளே வெடித்துவிட்டதால்தான் என்று விளக்கினார். புத்தகத்திலும் அது இருந்தது, அடுத்த பக்கத்தில். அன்று நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

நிபந்தனை நிறைவேறிவிட்டதே, அன்றே மரத்தை அறுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அறுப்பதாகத்தான் இருந்தேன். இனி இங்கேயே இருக்கிறேன் என்று அவள் வாயால் ஒரு வார்த்தை வந்துவிட்டால் எழுந்து போய் அறுக்கலாம் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "நாளைக்கு மரத்த எடுத்துரு லீலண்ட், கேசி கவலப்பட்டுக்கிட்டிருப்பா" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் இன்னும் போகிற யோசனையில்தான் இருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. உடம்பு கொதித்தது, பல் கிட்டக் குளிரில் நடுங்கினாள். போர்வை பட்டால்கூட வலித்தது.

"செவப்ப கட்டு" என்றாள்.

அவள் பார்க்கும்படி மேஜை டிராயரைத் திறந்து சிவப்புத் துணியை எடுத்தேன். கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனேன். கம்பத்தில் இருந்த பச்சைத் துணியில் பனி உறைந்து சுருண்டிருந்தது. அதை அவிழ்த்து, உதறி, நன்றாக விரியும்படி திரும்பக் கட்டினேன். சிவப்பு என் கோட்டுப் பையில் இருந்தது. நீங்கள் அதை அங்கேதான் கண்டெடுத்தீர்கள்.

"கட்டிட்டியா?" என்றாள்.

"கட்டிட்டேன்."

பதினோரு மணிக்கு வெண்டலின் பனிவண்டிச் சத்தம் ஏறி வந்தது. நோரீன் தலையைத் தூக்கினாள். சத்தம் மரத்தடியில் வந்து கொஞ்ச நேரம் நின்றது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பிறகு சத்தம் திரும்பிக் கீழே இறங்கியது.

"ஏன் போறான்?"

"ஆளக் கூட்டிட்டு வரப் போறான். ஒருத்தனா தூக்க முடியாது இல்ல."

"ஆமா, ஒருத்தனா முடியாது" என்றாள். முகம் தெளிந்தது. ஒரு மணி நேரம் அமைதியாக இருந்தாள். நடுவில் ஒருமுறை, வருகிறவர்களுக்குக் காபி போட்டு வைக்கச் சொன்னாள். நான் போட்டேன்.

இரண்டு மணிக்கு மேல் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லீலண்ட். கம்பத்துல என்ன கலர் இருக்கு?"

நான் எழுந்து கணப்பைக் கிளறினேன். இத்தனை வருடத்தில் அவளிடம் சுலபமாகப் பொய் சொல்ல எனக்கு வந்ததில்லை, அதுவும் முகத்துக்கு நேராக.

"அந்த மரம் தானா விழல, இல்ல?"

"காத்து அடிச்சது நோரீன்."

"சரி. காத்துதான். நான் யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன். ஒன்ன ஒரு வார்த்த கேக்க மாட்டேன். எந்திரிச்சுப் போயி அறுத்துரு. போ."

"ரம்பத்துச் செயின் அறுந்துருச்சு."

அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "ஒங்கிட்டயா? மாத்துச் செயின் இல்லாம?"

மூன்றாவது பெட்டியில் இரண்டு இருந்தன. அவளுக்கும் அது தெரியும், அந்தப் பெட்டிக்குச் சீட்டு எழுதி ஒட்டியவளே அவள்தான்.

என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னம் அடுப்பு மாதிரி சுட்டது. "நான் ஸ்போகேனுக்குப் போகல. சத்தியமா போகல. ஒங்கூடவே இருக்கேன், மாசா மாசம் தார்ப்பாய நானே விரிச்சுத் தர்றேன். எனக்கு சாகப் பயமா இருக்கு லீலண்ட். அந்தக் கொழந்தைய நான் இன்னும் தூக்கவே இல்ல. மரத்த மட்டும் அறுத்துரு."

நான் வியாழக்கிழமை ராத்திரியிலிருந்து காத்திருந்த வார்த்தை அதுதான். கேட்டதும் எழுந்துவிட்டேன். கதவுவரை போனேன், பூட்ஸைக்கூட மாட்டினேன். அங்கே நின்று யோசித்தேன். வலியில் இருக்கிறவர்கள் எதை வேண்டுமானாலும் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும் கேசி வந்து கட்டிலருகில் உட்காருவாள், பிறகு நோரீன் எந்தப் பக்கம் போவாள் என்று எனக்குத் தெரியும். பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து, அடுத்த வேளை மாத்திரையைக் கொடுத்தேன். அவள் அதைத் துப்பிவிட்டாள். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. கேசியின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபதுக்கு இறந்துபோனாள். குறிப்பேட்டில் நேரம் சரியாக இருக்கும். ஆறரைக்கு ரம்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மரத்தை மூன்று துண்டாக அறுத்து உருட்டித் தள்ள முப்பத்தைந்து நிமிடம் ஆனது. கம்பத்துப் பச்சைத் துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, ரேடியோவில் வெண்டலைக் கூப்பிட்டேன்.

ஆகவே நீங்கள் தாளின் தலைப்பில் எழுதிய கேள்விக்கு என் பதில்: ஆம். பாதையை அடைத்தது நான், உதவியைத் திருப்பி அனுப்பியது நான், சனிக்கிழமையிலிருந்தே அவள் சாகக்கூடும் என்று தெரிந்தே இருந்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. இதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துவிடுகிறேன், கேசி இதைப் படிப்பாள் என்பதால். வெண்டல் வருவதற்குள் நோரீனுக்கு மாற்றுவதற்கு நல்ல உடுப்பு எடுக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. அவள் சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில் இருந்தது, எல்லாத் துணியும் உள்ளே மடித்தபடி, வார் இறுக்கிக் கட்டியபடி. ஒரு சட்டையைக்கூட வெளியே எடுத்து மாட்டவில்லை. போகவே மாட்டேன் என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தவள் அவள். முப்பத்துநாலு வருடத்தில் நோரீன் என்னிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.